முழுத் திட்டமும் என் இடது கடைவாய்ப் பல்லும்

கடத்தூர்,
வியாழக்கிழமை, மாலை மணி நான்கு.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரஞ்சித்குமார் அவர்களுக்கு,

மாமனார் தீர்த்தகிரி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை கண்ணம்மாளும், என் இடது கன்னம் நீங்கலாக, நலம். பெங்களூரில் நீங்களும் என் மகள் சந்தியாவும் பல்லோடும் பலத்தோடும் இருக்க வேண்டுகிறேன். காலையிலிருந்து நீங்கள் ஆறு முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். வாய் நிறையப் பஞ்சு இருக்கிறது. இன்று முழுக்கப் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எங்கள் இருவருக்கும் எந்தப் பல் இன்சூரன்ஸ் திட்டம் என்று ஐந்து மணிக்குள் உங்கள் ஆபீஸில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம்தான் என்பது நினைவிருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் திட்டத்தின் பெயரைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் போனில் அனுப்பிய பல் இன்சூரன்ஸ் காகிதங்களை நாங்கள் இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தோம். சாதாத் திட்டத்தில் பல்லைச் சுத்தம் செய்வார்கள், பிடுங்குவார்கள், அவ்வளவுதான். நடுத்தரத் திட்டத்தில் சொத்தை அடைப்பதும் வேர் சிகிச்சையும் சேர்த்தி. முழுத் திட்டத்தில் புதுப்பல் கட்டுவது வரை எல்லாம் உண்டு. ஆனால் அதற்கு, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் வாயைக் காட்டி ரிப்போர்ட் வாங்க வேண்டும். கண்ணம்மாள் கேட்ட முதல் கேள்வி, “எனக்கு இருவத்தாறு பல்லுதான் இருக்குது. மாப்பிள்ளை முப்பத்தி ரெண்டுக்கும் சேத்தா கட்டறாரு?” என்பதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் ஏழாவது விதியில் நின்றுகொண்டிருந்தேன். ஏற்கெனவே உள்ள பல் நோய்க்கு உடனடிச் சிகிச்சை கிடையாது என்று அதில் போட்டிருந்தது.

உங்களிடம் மறைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின சனிக்கிழமை மண்டிக்குச் சித்தேரி மலைப் புளி வந்தது. முப்பத்தைந்து வருடமாக நான் புளியை வாயில் போட்டுப் பார்த்துத்தான் விலை சொல்கிறேன். கொட்டை எடுத்த புளி என்றார்கள். ஒரு கொட்டை மிச்சமிருந்தது, அது எனக்கென்றே இருந்தது. இடது கடைவாய்ப் பல்லில் விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். திங்கட்கிழமைக்குள் கன்னம் கனத்துவிட்டது. வியாழன் ஐந்து மணி வரை வலியை மறைத்துவிட்டால் திட்டத்துக்குள் நுழைந்துவிடலாம், அப்புறம் வலிக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டினேன். “எதுக்குங்க துண்டு?” என்றாள். “பனி” என்றேன். “சித்திரையில பனியா?” என்றாள். நான் துண்டை இன்னும் இறுக்கினேன். புதன்கிழமை வரை சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட்டுக்காகத் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம். ஜன்னல் காற்று பட்டபோது உடம்பு நடுங்கியது. காய்ச்சல் என்று தெரிந்தும் சொல்லவில்லை. கிளினிக்கில் முதல் சண்டை வாசலிலேயே ஆரம்பித்தது. பாரம் நிரப்பும் பெண் என் பல்லைப் பார்த்துவிட்டு, புகையிலை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பீடி, வெற்றிலை எதையும் தொடாதவன் நான் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். “ஏம்மா, இது எங்க ஊர் போர்த் தண்ணீ கொடுத்த கறைம்மா. எங்க தெருவுல எல்லாருக்கும் இதே பல்லுதான், வேணும்னா பஸ்ஸு வெச்சு கூட்டியாரட்டுமா?” என்று கத்தினேன். கத்தியதில் கன்னம் தெறித்தது. டாக்டரம்மா ஜாஸ்மின் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “அது ஃப்ளோரைடு கறை. அடிச்சுட்டு மாத்தி எழுதும்மா” என்றார்கள். நல்லவேளையாக அவர்களும் இந்த ஜில்லாதான்.

நாற்காலியில் சாய்த்தார்கள். “வலி ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?” என்று கேட்டார்கள். “இல்லீங்க” என்றேன். அவர்கள் சின்னக் கம்பியால் அந்தப் பல்லை ஒரு தட்டுத் தட்டினார்கள். மாப்பிள்ளை, நான் எழுந்த வேகத்தில் மேலே இருந்த விளக்கில் தலை இடித்தது. டாக்டரம்மா என் தாடைக்கு அடியில் விரலை வைத்து அழுத்தினார்கள். அவர்கள் முகம் மாறிவிட்டது. “சீழ் கழுத்துப் பக்கம் இறங்குது. இன்னைக்கே எடுக்கணும். விட்டா மூச்சு அடைக்கும். சேலத்துக்குத் தூக்கிட்டு ஓடற மாதிரி ஆயிடும்.” நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. “அஞ்சு மணிக்கு மேல எடுங்க டாக்டர். ரிப்போர்ட்ல மட்டும் வலி இல்லைனு எழுதிக் குடுங்க” என்றேன்.

அப்போதுதான் கண்ணம்மாள் எழுந்தாள். முப்பத்தோரு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. “பாரத்துல கையெழுத்துப் போடறது நீங்களா? மாப்பிள்ளைங்க! நாளைக்குப் பொய்னு தெரிஞ்சா அவரு வேலைக்கில்ல வந்து விடியும்? பல்லு போனா போவுது. உங்க மூச்சுக்கு எந்தத் திட்டம்ங்க இருக்குது?” என்று சொல்லிவிட்டு டாக்டரிடம், “சனிக்கெழமையில இருந்து வலி அம்மா. துண்டு கட்டிகிட்டு திரியறாரு. எழுதிக்கோங்க” என்றாள். அத்தோடு ஊசி வந்தது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

கன்னம் மரத்துப் போவதற்காக வாயைத் திறந்தபடி நான் கிடந்த நேரத்தில், டாக்டரம்மா அவளை அடுத்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ரிப்போர்ட் இருவருக்கும் வேண்டுமல்லவா? “வலது பக்கம் மூணு பல்லு சொத்தைங்களே! எத்தனை நாளா ஒரு பக்கமாவே மெல்றீங்க?” என்ற குரல் கேட்டது. “நாலு வருசம் இருக்கும்” என்றாள். ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார்கள். “சொன்னா கூட்டியாருவாரு. ஊசியப் பாத்தாலே அவருக்கு மயக்கம் வந்துரும். அவர யாரு பாத்துக்கறது?” என்றாள். நான் தினமும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். புளிக்குள் இருக்கும் புழுவைக் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை. ஏதாவது சொல்ல நினைத்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை. கண்ணில் வந்த தண்ணீரை ஊசிக்கு வந்தது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்கள்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். சீழும் வெளியேறிவிட்டது. ஆபத்தில்லை என்கிறார்கள், மாத்திரை ஐந்து நாளைக்கு. அப்புறம் டாக்டரம்மா என் போனை வாங்கிக் காகிதத்தை முழுதும் படித்துவிட்டு எட்டாவது விதியைக் காட்டினார்கள். உள்ள நோயை உண்மையாகச் சொன்னால் ஆறு மாதம் கழித்து அதற்கும் சிகிச்சை உண்டாம். மறைத்தால் திட்டமே ரத்தாம். ஏழாவது விதியோடு நான் நிறுத்தாமல் பக்கத்தைத் தள்ளியிருந்தால் மூன்று நாள் சோற்றைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டாம்.

ஆகவே என் முடிவு இது. கண்ணம்மாளுக்கு முழுத் திட்டம், மூன்று சொத்தைகளையும் மறைக்காமல் எழுதி. எனக்கு எதுவும் வேண்டாம். மீதிப் பற்கள் என்னோடு சமாதானமாக இருக்கின்றன. இரண்டு ரிப்போர்ட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் இருவருக்கும் தீர்த்தமலையான் துணை நிற்பார். வேலையில் உயர்ந்து, கரும்பைக் கடித்துத் தின்னும் பல்லோடு நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
க. தீர்த்தகிரி

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் அடித்துவிடவும். இந்த நிமிடம் சந்தியாவிடமிருந்து செய்தி வந்தது: “அப்பா, ஒரு ஜோடியைத்தான் சேக்க முடியுமாம். ஒண்ணு அவரோட அப்பா அம்மா, இல்லாட்டி நீங்க. அவரு உங்களத்தான் எழுதியிருக்காரு. எங்க அத்தைகிட்ட மூச்சு விடாதீங்க.” மாப்பிள்ளை, நீங்கள் செய்தது பெரிய மனது. ஆனால் உங்கள் கல்யாணத்தில் உங்கள் அம்மா முறுக்கைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிட்டதை நான் பந்தியிலேயே பார்த்தேன். எங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர்கள் இருவர் பெயரையும் போடுங்கள். இந்த முறை ஒன்பதாவது விதியையும் படித்துவிட்டேன், பெயரை இன்று கொடுத்தால் ரிப்போர்ட்டைப் பதினைந்து நாளுக்குள் கொடுக்கலாமாம். கண்ணம்மாளின் பல்லை நாங்கள் பார்த்துக்கொள்வோம், டாக்டரம்மா திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தாமதிக்க நேரமில்லை. அரூரிலிருந்து உங்கள் அம்மாவே இப்போது கண்ணம்மாளுக்குப் போன் செய்து, ஏதோ பல் திட்டமாமே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சந்தியாவின் செய்தியைக் கண்ணம்மாள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் படித்தாள். ஒரு விநாடிதான். “ஆமாங்க சம்பந்தியம்மா, உங்க புள்ள உங்க ரெண்டு பேரையும் முழுத் திட்டத்துல சேத்துட்டாருங்க” என்று சொல்லிவிட்டாள். மணி நாலு இருபது. அதை உண்மையாக்க உங்களுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.