ஜேர்மன் வைனும் மிளகாய் இல்லாத தாராவும்

ஒரு போத்தல் வைனுக்காக மனைவியின் நண்டுக் கறியைச் சொந்த வீட்டிலிருந்தே நாடு கடத்தியவன் நான். அகதியாக வந்தவன் செய்யக்கூடிய காரியமா இது? (செய்தேன்.)

மகள் ஷாமினி பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக் பையனைக் கட்டப்போகிறாள். அவனுடைய தாய் தகப்பன் முதன்முறையாக எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மகள் கேட்டது இரண்டே இரண்டு: அம்மா நண்டுக் கறி வைக்க வேண்டும், அப்பா அதிகம் கதைக்கக் கூடாது.

அதுவரை நான் அறிந்த வைன், தேவாலயப் பூசையில் சுவாமியார் குடிப்பது. அதையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் சம்பந்திகள் முன்னால் நாகரிகமானவனாகத் தெரிய வேண்டும் என்ற நோய் எனக்கு முற்றியிருந்தது. வாசித்துத் தள்ளினேன். ஜேர்மன் சிவப்பு வைன் ஒன்று வாங்கினேன். இனிப்பே இல்லாதது, மெல்லியது, செரிப்பழ வாசனை உள்ளதாம். (எனக்கு மழையில் நனைந்த பலகைதான் மணத்தது. மூக்கைக் குறை சொல்லிவிட்டு மேலே வாசித்தேன்.) தாரா என்கிற வாத்து, காளான், வாட்டிய பன்றி இறைச்சி எல்லாம் அதற்குப் பொருந்தும். மிளகாய் பட்டால் கசந்துவிடும்.

"அப்ப நண்டு?" என்றாள் மனைவி றீற்றா.

"நண்டு வேண்டாம். தாரா. உப்பும் மிளகும் மட்டும்."

"வாறது சம்பந்தியோ, போத்தலோ?"

அன்று எங்கள் வீடு ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன வீடு மாதிரி மணமில்லாமல் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் லூக் உள்ளே வந்ததும் மூக்கை உயர்த்தி எதையோ தேடினார். மிளகாய்த்தூள் போட்டே பழகிய றீற்றாவின் கையில் தாரா செருப்பாகியிருந்தது. நான் கிளாசைச் சுழற்றிச் சுழற்றி, எந்த வைனுக்கு எந்த இறைச்சி என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். லூக் மிகுந்த மரியாதையோடு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் ஷாமினி அழுதுகொண்டு வந்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காக அந்த மனிதர்கள் கிழமைக்கணக்கில் மிளகாய் தின்று பழகியிருக்கிறார்கள். கண்ணீர் விட்டுப் பழகினாராம் லூக். வந்த இடத்தில் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. தங்கள் சாப்பாட்டையே தர மனமில்லாதவர்கள் பெண்ணை எப்படி மனதாரத் தருவார்கள் என்று திரும்பிப் போகும்போது காரில் மாப்பிள்ளையின் தாய் கேட்டாராம். எல்லாம் வைனுக்காகத்தான் என்று ஷாமினி சொன்னதை அவர்கள் நம்பவில்லை. அப்படி ஒரு விசரன் இருப்பான் என்று யார்தான் நம்புவார்கள்?

"கலியாணம் நிண்டா, அந்தப் போத்தலையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ அப்பா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, நண்டுச் சட்டியை மடியில் வைத்தபடி மெற்றோவில் லூக் வீட்டுக்குப் போனேன். என்னைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தது. றீற்றாவும் ஷாமினியும் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். வாசலில் மன்னிப்புக் கேட்கப் பிரெஞ்சு வராமல் சட்டியை நீட்டினேன். லூக் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு என்னையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

கலியாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் கறி சப்பென்று இருந்தால் அதன் பெயர் 'ஜேர்மன் கறி'. அதைக்கூடத் தாங்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை லூக் வேர்த்து விறுவிறுத்து, கடைசி நண்டுக்காலையும் சூப்பி வைத்துவிட்டு, என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். ஷாமினி என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்:

"அண்டைக்குக் குடுத்த வைன் நல்லதாம், அப்பா. சாப்பாடுதான் அதுக்குப் பொருந்தேல்லையாம்."