ரேடியோ இல்லாத ஊர்

முப்பது வீட்டுக்குப் போய் முப்பது ஃபாரம் நிரப்பணும். அன்னைக்கு என் வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளோட ஆரம்பம். நான் பெங்களூர்ல மக்கள் தொடர்பியல் ரெண்டாம் வருஷம். அது என்ன படிப்புன்னு எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும். கடத்தூர்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்த அப்பா தெளிவா சொல்லிட்டார்.

"இந்த வருசம் பாசானா மேல படி. இல்லைன்னா கடைக்கு வந்து சால்டரிங் புடி."

ஈயம் உருக்கற அந்த சால்டரிங் கம்பியை, சூடா இருக்கறப்ப, ஒரு தடவை தப்பான பக்கம் புடிச்சவன் நான். பாசாகியே ஆகணும்.

லீவுக்கு முன்னாடி எங்க மேடம் ஃபாரத்தைக் குடுத்தாங்க. கிராமத்துல எத்தனை வீட்டுல ரேடியோ இருக்கு, என்ன கேக்கறாங்கன்னு விசாரிக்கணும். "அவங்க சொல்றதை மட்டும் எழுது. உன் கருத்து வேண்டாம்"ன்னு சொல்லி அனுப்புனாங்க.

கடத்தூருக்குப் பக்கத்துல இருக்கற எங்க ஊரையே எடுத்துக்கிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா, கையில காலேஜ் சீல் குத்துன இங்கிலீஷ் ஃபாரம். என் அழகே எனக்குத் தாங்கல!

முதல்ல ராஜம்மா அத்தை வீடு. உள்ளே பாட்டு ஓடுது.

"அத்தை, வூட்ல ரேடியோ இருக்குங்களா?"

அத்தை ஃபாரத்தைப் பாத்தாங்க. சீலைப் பாத்தாங்க. உள்ளே போய் ஈரச்சேலையை எது மேலயோ போட்டுட்டு வந்தாங்க.

"ஏது ரேடியோ? நமக்கு எதுக்கு சாமி அதெல்லாம்?"

"பாட்டு கேக்குதுங்களே?"

"அது முனுசாமி வூட்டுல."

அப்பதான் உறைச்சுது. அந்தக் காலத்துல ரேடியோ வெச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுக்கணும். எங்க ஊர்ல ஒருத்தரும் எடுத்ததில்லை. யார் வீட்டுல என்ன செட்டுன்னு தெரிஞ்ச ரிப்பேர்காரர் மகன், சீல் குத்துன பேப்பரோட வீடு வீடா வரான். என்ன நினைப்பாங்க?

"அத்தை, இது காலேஜுக்குங்க!"

"ஆமா சாமி, காலேஜுக்கே எழுதிக்கோ. இல்லைன்னு எழுதிக்கோ."

எழுதிக்கிட்டேன்.

முனுசாமி மாமா வாசல்ல ஏதோ ஒண்ணு மேல துண்டைப் போட்டு உக்காந்திருந்தார். அவருக்கு அடியில இருந்து ஒருத்தர் மஞ்சள் விலை சொல்லிக்கிட்டிருந்தார்.

"மாமா, கீழ பேசுதுங்க."

"ரெண்டு நாளா வவுறு சரியில்லப்பா."

அங்கயும் 'இல்லை'ன்னே எழுதிக்கிட்டேன். மேடம் சொன்னா சொன்னதுதான்.

பத்தாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள ஊரே அடங்கிடுச்சு. சாயங்காலம் செய்தி நேரத்துல நாய் குலைக்கற சத்தம் மட்டும்தான். முப்பது ஃபாரம். முப்பதுலயும் 'இல்லை'.

ரெண்டு நாள் கழிச்சு அப்பா கடையில இருந்து வந்தார். வந்ததும் செருப்பைக் கழட்டல.

"என்னடா பண்ணித் தொலைச்ச? பதினாலு செட்டு ரிப்பேர் பாத்து வெச்சிருக்கறேன். ஒருத்தனும் வாங்க வரல. பால் சொசைட்டி செகரட்டரிகிட்ட உங்க செட்டு ரெடிங்கன்னா, எந்த செட்டுங்கறாரு!"

சர்வே பத்திச் சொன்னேன்.

"இதுக்கா ஊரைச் சுத்துன? என்னைக் கேட்டிருந்தா எந்த வூட்ல எத்தனை பேண்டு செட்டுன்னு கடையில உக்காந்தே சொல்லியிருப்பேனே!"

எனக்கு அது தோணவே இல்லை. இதுக்குத்தான் பெங்களூர் வரைக்கும் போய்ப் படிச்சேன்.

வேற ஊருக்குப் போக நேரமில்லை. இருந்ததையே குடுத்தேன். மேடம் வகுப்புல சத்தமா படிச்சாங்க. கண்ணு கலங்கிட்டாங்க. "ஒரு ரேடியோகூட இல்லாத ஊரா!" உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள வகுப்பே கை தட்டிடுச்சு. சால்டரிங் கம்பி ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

அடுத்த மாசம் வகுப்பே சேந்து ஒரு புது ரேடியோ வாங்கி, பஸ் ஏறி எங்க ஊருக்கு வந்துடுச்சு.

கோயில் முன்னாடி ஊர் கூடுச்சு. மேடம் ரேடியோவைத் திருகுனாங்க. 'கொர்ர்ர்'ருன்னுச்சு. மறுபடி திருகுனாங்க. மறுபடி 'கொர்ர்ர்'.

எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ராஜம்மா அத்தைக்குத்தான் பொறுக்கல.

"அம்மா, மீடியம் வேவ் போடுங்க! செட்டையே கெழக்கால திருப்புங்க, அப்பத்தான் எடுக்கும்!"

திருப்புனாங்க. கணீர்னு எடுத்துச்சு. போச்சு, படிப்பு போச்சு!

மேடம் என் பக்கம் திரும்புனாங்க.

"பாத்தியா? முதல் தடவை பாக்கறாங்க. எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டாங்க! உன் ரிப்போர்ட்ல இதையும் சேத்துக்கோ."

சேத்துக்கிட்டேன்.

கடைசியா மேடம் கேட்டாங்க. "இதுக்கு லைசென்ஸ் யார் பேர்ல எடுக்கலாம்?"

அத்தைக்கு மாடு கத்துச்சாம். மாமாவுக்கு மறுபடி வவுறு. செகரட்டரி பாலைப் பாக்கப் போயிட்டார். ஒரே நிமிஷத்துல கோயில் முன்னாடி ஊர்க்காரங்கன்னு நானும் அப்பாவும்தான். அப்பா அண்ணாந்து கோபுரத்தைப் பாத்துக்கிட்டிருந்தார்.

நான் பாசாயிட்டேன். போஸ்ட் ஆபீஸ் கணக்குப்படி, எங்க ஊர்ல ரேடியோ வெச்சிருந்த ஒரே ஆளும் நான்தான்.