லாலி கேட்காத பாட்டுத்தட்டு

நேயாஃபு, வவாவு
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய வைமோவானா அக்காவுக்கு, தம்பி செமிசி தலை தாழ்த்தி எழுதுவது. கடவுள் தயவில் நான், மனைவி ஃபுசி, பிள்ளைகள், பன்றிகள் யாவரும் சுகம். ஆக்லாந்தில் உங்கள் முழங்கால் வலியும் மகள் வீட்டுக் குளிரும் குறைய வேண்டிக்கொள்கிறோம்.

தேவாலயத் திருநாளுக்கான பாட்டுத்தட்டு பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அத்தான் அடித்த லாலி முரசு அதில் ஓர் அடிகூடக் கேட்கக் கூடாது, கேட்டால் தாங்க மாட்டேன் என்று போனில் சொன்னீர்கள். பாடகர்களோ, மனாசே அத்தானின் தாளம் இல்லாமல் வாயே திறக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். போன வருஷம் சாவதற்கு முன் அத்தான் எல்லாப் பாட்டுக்கும் தனியாக அடித்துக் கொடுத்த பதிவு என்னிடம் இருந்தது. அதை நடத்துநர் லோபெட்டி காதில் மட்டும் ஹெட்போனில் கொடுத்தேன். அவர் கையை ஆட்டினார், இவர்கள் பாடினார்கள்.

மிக்ஸிங்கில்தான் தொல்லை. கூடத்தைச் சுற்றிப் பன்றிகள், தகரக் கூரையில் மழை. சும்மா இருக்கும் நேரத்தில் மைக்கை மூடிவைக்க கேட் ஒன்று போட்டேன். சத்தம் பலமாக வந்தால் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். பன்றி உறுமினப்போ திறந்தது, மெல்லப் பாடின பொம்பளைங்களை வெளியே தள்ளி மூடிடுச்சு. போதகர் கேட்டுட்டு, "பன்றி சுருதி சுத்தமா இருக்கு செமிசி, நம்ம ஆளுங்க எங்கப்பா?"ன்னார்.

அதனால அந்த கேட்டோட சாவியை அத்தான் முரசு கையில கொடுத்தேன். சைட் செயின்னு சொல்லுவோம். முரசு வெளியே கேட்காது, ஆனா அது அடிக்கிறப்போ பாடறவங்க கதவு திறக்கும், அடி நின்னதும் மூடிக்கும். உங்க பேச்சையும் காப்பாத்தினேன், அவங்க பிடிவாதத்துக்கும் வழி பண்ணினேன். பிரமாதமா வந்துச்சு அக்கா. கடைசிப் பாட்டு வரைக்கும்.

கடைசி ஆமென் முடிஞ்சு கேட் மூடிடுச்சு. அப்புறம் தானா திறந்துச்சு. வெறும் கூடம், பாய் சரசரக்கிற சத்தம். அதுக்குள்ள ஒரு பெண் குரல், "இருங்க, வரேன்"னுது. மறுபடி மூடிடுச்சு.

எது திறந்துச்சுன்னு பார்க்க முரசுப் பதிவைத் தனியாப் போட்டுக் கேட்டேன். அடிச்சு முடிச்சுட்டு, குச்சியைக் கீழே வச்சுட்டு, அத்தான் "போலாமா?"ன்னு கேட்கிறார். போன வருஷத்துக் கேள்வி. பதில் இந்த வருஷம் வந்திருக்கு. ஹெட்போன்ல கசிஞ்சு கூடத்துல யார் காதுலயாவது விழுந்துச்சான்னு லோபெட்டியைப் பிடிச்சேன். "பாட்டு முடிஞ்சதும் ஹெட்போன் ஒயரையே பிடுங்கிட்டேனே, கசிய என்ன இருக்கு?"ன்னார்.

அந்தக் குரல் உங்க குரல் மாதிரியே இருக்கு அக்கா. அதனாலதான் எனக்குச் சோறு இறங்கலை. நாங்க பதிவு பண்ணின போன வியாழன் மத்தியானம் நீங்க என்ன செஞ்சுட்டிருந்தீங்க? தூங்கினீங்களா? தூக்கத்துல யாருக்காவது பதில் சொன்னீங்களா? தம்பி சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, டாக்டரைப் பாருங்க, தனியாப் படுக்காதீங்க. அவர் கனவுல வந்து கூப்பிட்டா, எனக்கு இங்க வேலை இருக்குன்னு சொல்லுங்க. அந்த இடத்தை வெட்டி எறிஞ்சுட்டேன், தட்டுல இல்லை.

ஆண்டவர் உங்கள் படுக்கையையும் வாசற்படியையும் காப்பாராக. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
செமிசி

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் மறந்துடுங்க. நம்ம பாடகி லவீனியா இப்பத்தான் வந்தா. போட்டுக் காட்டினேன், சிரிக்கிறா. "அது நான்தான் அண்ணா. வெளியே நின்னு என் வீட்டுக்காரர் போலாமான்னு கேட்டார், வரேன்னேன்"னாள். எனக்கு வெட்கமாப் போச்சு. டாக்டரெல்லாம் வேண்டாம், நிம்மதியா இருங்க.

உறையை ஒட்டப் போறப்போ ஃபுசி எட்டிப் பார்த்துட்டுச் சொல்றா, லவீனியா புருஷன் ஈஸ்டர்ல இருந்து டாஸ்மேனியாவுல ஆப்பிள் பறிச்சுட்டிருக்கானாம். அக்கா, இது கிடைச்சதும் ஒரு போன் போடுங்க.