மாதிரிக் கடித மாஸ்டர்

மாதிரிக் கடித மாஸ்டர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் நான்கு பேனா, வாயில் நாற்பது வாக்கியம், சொந்தமாக ஒன்றுகூட இல்லை. இங்கிலீஷ் எழுத வரவில்லையே என்று வேலை முடிந்த களைப்போடு மாலை வகுப்புக்கு வந்து உட்காருகிற டிரைவரையும் சமையல்காரரையும் பார்த்து, நல்ல வாக்கியம் ஜலதோஷம் மாதிரி, ஒரு மண்டையிலிருந்து இன்னொரு மண்டைக்குத் தானாகத் தொற்றிக்கொள்ளும், பார்த்துப் பார்த்து எழுதினால் போதும் என்று ஒரு மணி நேரம் விளக்குவார். யோசிப்பது? அது பாடத்தில் கிடையாது.

இவரிடம் ஒரு தையல்காரம்மா வந்து சேர்ந்தார். ஆலையில் மூடியில்லாத மிஷின் ஒன்று அவருடைய விரல் நுனியை வாங்கிவிட்டது. மூடி போடச் சொல்லி மேனேஜருக்கு எழுத வேண்டும். மேனேஜருக்கோ இங்கிலீஷ்தான் தெரியும்.

“காய்ச்சல் லீவ் லெட்டர் மாதிரி இருக்கும்மா. காய்ச்சல்ங்கிற இடத்துல விரல்னு போட்டுக்குங்க.”

“அர்த்தம் மாறிடாதா சார்?”

“அர்த்தத்தை விடுங்க. நடைதான் முக்கியம்.”

‘எனக்குக் கடுமையான விரல் இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு தேவை’ என்று கடிதம் போனது. சம்பளமில்லாத விடுப்பு உடனே வந்தது, மூடி வரவில்லை. அடுத்த வாரம் பக்கத்து மிஷின் பெண்ணின் கை மயிரிழையில் தப்பியது.

அன்று வந்த கோபத்தில் தையல்காரம்மாவுக்கு மாதிரியெல்லாம் மறந்துபோயிற்று. தெரிந்த இருபது இங்கிலீஷ் சொற்களை இழுத்துப் பிடித்து உட்காரவைத்து, ‘உங்கள் மிஷின் என் விரலைத் தின்றது. நாளை இவள் விரல். வந்து பாருங்கள்’ என்று எழுதினார். இலக்கணம் நொண்டியது, மேனேஜர் ஓடிவந்தார். இரண்டே நாளில் எல்லா மிஷினுக்கும் மூடி.

மாஸ்டர் வெட்கப்பட்டாரா? அந்த வழக்கமே அவருக்குக் கிடையாது. கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பிழை திருத்தி, போர்டில் எழுதி, “இந்த வருஷத்து மாதிரி!” என்று அறிவித்தார்.

டிரைவர் கையைத் தூக்கினார். “சார், எனக்குப் பத்து விரலும் இருக்கே?”

“பரீட்சைல மார்க் வேணுமா வேணாமா?”

முப்பது தலைகள் குனிந்தன. நோட்டில் முப்பது பேருடைய விரலையும் மிஷின் தின்றது.

தையல்காரம்மா கட்டுப் போட்ட கையால் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். “போனது என் விரல் சார். அதையுமா காப்பியடிக்கணும்?” கதவைச் சாத்தாமலே போய்விட்டார். மாஸ்டர் அந்தக் கேள்வியையும் குறித்துக்கொண்டார், நல்ல வாக்கியமாயிற்றே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று ஒரு துக்க வீட்டுக்கு உங்கள் போனிலிருந்து நான்கு வரி ஆறுதல் போனதே, அது யார் எழுதியது? போகட்டும், செத்தவர் பெயரையாவது மாற்றினீர்களா?