முடியக்கூடாத போர்

கடித ஆட்டத்தின் விதிப்படி முதலில் சாட்சிகள். மேசையின் வடக்கே, அட்டையில் செய்த ரயில் மேட்டை ஒட்டி, ஜெனோன். தெற்கே, அளவுகோலும் கையுமாக மைத்துனன் கெர்வாசி. அடுப்புப் பக்கம் மனைவி ஹல்ஷ்கா. கதவருகே, பதிலை வாங்கிப் போகக் காத்திருக்கும் தபால்காரி கிங்கா.

மேசை மேல் பொம்மை டாங்கிகளோடு ருஷ்யாவின் புரோகரோவ்கா போர்க்களம். 1943-இல் ஒரே நாளில் ஓய்ந்த டாங்கிச் சண்டை, இங்கே ஒன்பதாவது ஆண்டாக நடந்தது. செக் எல்லைக்கு அப்பாலிருந்து நண்பர் ராதிம் கடிதத்தில் ஒரு நகர்த்தல் அனுப்புவார்; போலந்திலிருந்து ஜெனோன் பதிலுக்கு ஒன்று.

இன்றைய கடிதத்தில் ராதிம் தன் கடைசி மூன்று ஜெர்மன் டாங்கிகளை ஜெனோனின் இருபது ருஷ்ய டாங்கிகளுக்கு நேரெதிரே நிறுத்தியிருந்தார்.

ஜெனோனுக்கு வியர்த்தது. ராதிமின் மனைவி இறந்து ஒரு வருடம். ஆட்டம் முடிந்தால் கடிதம் நின்றுவிடும். கடிதமும் நின்றால் அந்த மனிதருக்கு வேறு யார்?

"பின்வாங்குறேன்," என்றார்.

"பின்னால ரயில் மேடு. டாங்கி என்ன பறக்குமா, மச்சான்?" என்றான் கெர்வாசி.

"அப்ப ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுறேன்." பத்தை இடப்பக்கம் தள்ளினார், பத்தை வலப்பக்கம்.

கெர்வாசி அளந்து பார்த்தான். "பிரமாதம்! மூணையும் சுத்தி வளைச்சுட்டீங்க."

"டேய், நான் வழி விட்டேன்டா!"

"இதுக்குப் பேருதான் முற்றுகை."

"பனிமூட்டம்! கண்ணே தெரியல!" வானிலைப் பகடையை உருட்டினார். வெயில் என்று விழுந்தது.

"டீசல் தீர்ந்துபோச்சு. ஒரு வண்டியும் அசையாது."

"அசையாம நின்னு சுடுற டாங்கிக்குக் குறி நல்லா விழும். எதிரி கண்ணுல பட்டா சுட்டே ஆகணும். ரெண்டும் நீங்க எழுதின விதிதான்."

"ஜெயிக்கிறதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற ஒரே தளபதி நீங்கதான்," என்றாள் ஹல்ஷ்கா.

கெர்வாசி மூன்று முறை உருட்டினான். மூன்றும் ஆறு.

ஜெனோன் தேதி, மணி, சாட்சிகள் எல்லாம் எழுதி, "மூன்று டாங்கிகளும் அழிந்தன" என்று முடித்தார். பேனாவை வெகுநேரம் கடித்துவிட்டு, "இனி உருளைக்கிழங்கு விளைச்சல் பற்றியாவது எழுது" என்று சேர்த்தார். உறையை ஒட்டி, தபால்தலையை நாக்கில் நனைத்து அழுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே நீட்டினார்.

கிங்கா அதைப் பைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"பதில் பையில விழுந்தாச்சு, இனி மாத்த முடியாது, சொல்லலாம்," என்றாள். "நேத்து ராதிம் தபாலாபீசுக்குப் போன் போட்டு ஒரே புலம்பல்: 'இவன்கிட்ட தோத்துப்போக ஒரு வருஷமா முட்டி மோதுறேன், விடமாட்டேங்குறான், சண்டை நடக்கும்போது எதிரி வீட்டுக்கு எப்படிம்மா சாப்பிட வர்றது?'"