இருபது சைக்கிளா, ஒரு இன்ஜினீயரா?

மகனைக் கிண்டிக்கு அனுப்புவதில்லை என்று ஜெயினுலாபுதீன் புதன்கிழமை காலை முடிவெடுத்தார்.

செங்கல்பட்டு கடைவீதியில் அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மகன் கிஃபாயத்துல்லாவுக்குக் கிண்டி காலேஜில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டவில்லை என்றால் அந்த இடம் வேறொரு பையனுக்குப் போய்விடும்.

"வருஷத்துக்கு ஆயிரம். நாலு வருஷத்துக்கு நாலாயிரம். அத்தனையும் கடன்" என்று மனைவி சைனம்புவிடம் விளக்கினார். "படிச்சு முடிச்சா மாசம் எரநூத்தைம்பது சம்பளம். அதே நாலாயிரத்துக்கு இருபது சைக்கிள் வாங்கலாம். மணிக்கு ரெண்டணா. ஒரு சைக்கிள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினா ஒரு ரூபா. இருபது சைக்கிள், மாசம் அறுநூறு. எது பெருசு?"

"அறுநூறுதான்" என்றாள் சைனம்பு.

"அப்போ படிப்பு வேணாம்."

"வேணாம்."

ஜெயினுலாபுதீனுக்குச் சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் சைனம்பு அவர் சொன்னதை மறுக்காமல் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. கடையில் இருக்கும் ஒன்பது சைக்கிளில் தினம் நாலு வெளியே போனாலே அதிகம். அவள் ஏன் அதைக் கேட்கவில்லை? தன் கணக்கில் இருந்த ஓட்டை தனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்று முழுக்க அவளைக் கண்காணித்தார். கையில் வளையல் ஆறும் இருந்தன. கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. நகையை அடகு வைக்காமல் பணத்துக்கு வேறு என்ன வழி செய்திருக்கிறாள்? அதுவே இன்னும் சந்தேகமாகப் பட்டது.

"இன்னா அப்படிப் பாத்துகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நான் இன்னா பண்ணிட்டேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் யோசிக்கிறேன்."

வட்டிக்கு வாங்குவது அந்த வீட்டில் பேச்சுக்கே இல்லாத விஷயம். வட்டியில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் சைனம்புவின் அண்ணன் ரஹ்மத்துல்லா. சதுரங்கப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம். ஆனால் பெண் எடுத்த வீட்டில் கை நீட்டுவதில்லை என்று கல்யாணத்தன்றே ஜெயினுலாபுதீன் சபதம் எடுத்திருந்தார். அவள் ரகசியமாக அங்கே வாங்கிவிட்டாளா?

வெள்ளிக்கிழமை ராத்திரி சோறு போடும்போது சைனம்பு சொன்னாள்: "அண்ணன் வூட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஜெயினுலாபுதீன் ஏறிவிட்டார்.

"மச்சான், மறைக்காம சொல்லுங்க. தங்கச்சிக்குப் பணம் குடுத்தீங்களா?"

ரஹ்மத்துல்லா கருவாட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். "காலணா குடுக்கல. அது கேக்கவும் இல்ல. மச்சான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சுது."

"நான் கேட்டாலா? ஏன்?"

"அதை விடுங்க. டீ குடிங்க."

"டீ கெடக்கட்டும். சொல்லுங்க."

"இருக்கிறதே ஒம்பது சைக்கிள், அதுல நாலுதான் ஓடுது, வாங்கினா அவரால திருப்ப முடியாதுன்னு..."

ஜெயினுலாபுதீனின் காது சிவந்தது. "யாரால? என்னாலயா? மச்சான், சைக்கிளை விடுங்க, அது துருப்பிடிக்கிற சாமான். என் மவன் இன்ஜினீயர். மாசம் எரநூத்தைம்பது. இது ஆரம்பச் சம்பளம்தான். நூறை வூட்டுக்கு வெச்சுகினு நூத்தைம்பது உங்களுக்கு அனுப்பினா இருபத்தேழே மாசம், நாலாயிரமும் தீந்துடும். அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க லாபம். இந்தக் கணக்கு அவளுக்குப் புரியுமா?"

"எனக்குப் புரியுது மச்சான்" என்றார் ரஹ்மத்துல்லா. "ஆனா நீங்கதான் நம்ம வூட்டுல கை நீட்ட மாட்டீங்களே."

"இதோ நீட்டறேன். குடுப்பீங்களா, மாட்டீங்களா? நான் நாணயஸ்தனா இல்லையா?"

ரஹ்மத்துல்லா உள்ளே போனார். போன வேகத்தில் ஒரு துணி முடிச்சோடு வந்தார். "முதல் வருஷத்துக்கு இது. மீதியை வருஷா வருஷம் வந்து வாங்கிக்குங்க."

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜெயினுலாபுதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு லேசாக உறுத்தியது. ஆயிரம் ரூபாயை ஒரு மனுஷன் எண்ணாமல் எப்படிக் கொண்டுவந்தான்? கருவாட்டுப் பணம், எண்ணியே வைத்திருப்பான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முடிச்சைச் சைனம்புவின் முன்னால் போட்டார்.

"உங்க அண்ணன் குடுத்தாரு. என் முகத்துக்காகக் குடுத்தாரு. திங்கக்கிழமை பையன் கிண்டிக்குப் போறான். நீ குறுக்கே பேசாதே."

"பேசல."

அவள் எதிரிலேயே உட்கார்ந்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். ஆயிரத்து இரண்டு இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியா உங்க அண்ணன் சாமர்த்தியத்தை? எண்ணத் தெரியாம ரெண்டு ரூபா கூட வெச்சிருக்காரு."

சைனம்பு பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இரண்டு ரூபாயை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அது உங்க பஸ் சார்ஜு. போன வாரம் முடிச்சு கட்டும்போதே அண்ணனை அதையும் சேர்த்து வெக்கச் சொன்னேன்."