அசல் கொலோன் காட்டுகிறவர்

விருந்தாளிக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. விருந்தாளி எதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தாரோ, அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காட்டுவார்கள். எங்கள் கொலோன் நகரத்தில் இந்த இனம் புறாக்களைவிட அதிகம். ஊர் நடுவே பேராலயம் இரட்டைக் கோபுரத்தோடு வானை முட்டி நிற்கும். "அதெல்லாம் வெளியூர்க்காரங்க பாக்குறது" என்பார்கள். ரைன் ஆற்றில் படகு சவாரி போகலாமா என்றால் முகம் திரிந்த பாலாகிவிடும். ஆற்றங்கரையில் சாப்பிடலாமா? கேட்டதே குற்றம்.

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் எங்கல்பெர்ட் கியூர்ட்டன் இந்த இனத்துக்குத் தலைவர். முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டியவர். பேராலயத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடந்தவர். ஒரு தடவையும் நிறுத்தி உள்ளே போகாதவர்.

போன அக்டோபரில் அவருடைய அக்கா ஹில்ட்ருட் கனடாவிலிருந்து வந்தார். கல்யாணமாகிப் போய் ஐம்பது வருஷம். வயது எழுபத்து நாலு. ஊரில் இருக்கப்போவது ஒரே ஒரு நாள். அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்புறம் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: பேராலயக் கோபுரத்தில் ஏற வேண்டும். சிறுவயதில் அவர்களுடைய அம்மா, அடுத்த ஞாயிறு கூட்டிப்போகிறேன், அடுத்த ஞாயிறு கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"ஐந்நூத்தி முப்பத்தி மூணு படி இருக்கு அக்கா, வேற ஒண்ணும் இல்ல," என்றார் தம்பி. "நான் உனக்கு அசல் கொலோனைக் காட்டுறேன்."

சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். வெளியூர்க்காரன் எவனுக்கும் தெரியாத மதுக்கடை ஒன்று எரன்ஃபெல்ட் பக்கம் இருப்பதாக டிராம் மாறி, டிராம் மாறிப் போனோம். அது யோகா வகுப்பாகிவிட்டிருந்தது. இரண்டாவது கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மூன்றாவது திறந்திருந்தது, உட்கார்ந்ததும் எங்கல்பெர்ட் ஒவ்வொரு விருந்தாளியிடமும் செய்யும் வேலையை அக்காவிடமும் செய்தார்: அரைச் சேவல் வாங்கிச் சாப்பிடச் சொன்னார். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் வருவது கோழியே அல்ல, ரை தானிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். விருந்தாளி முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். அக்கா அலட்டிக்கொள்ளாமல், கடுகுச் சாந்து நிறைய வைக்கும்படி பரிமாறுபவரிடம் சொன்னார். அக்காவும் இந்த ஊரில் பிறந்தவர்தானே?

பிறகு இறைச்சி உருண்டை வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் இதன் ருசியே வேறு என்று எங்கல்பெர்ட் ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப் பரிமாறுபவர்கள் வாய்க்குப் பேர்போனவர்கள். அப்போது உமக்குப் பல் இருந்திருக்கும் என்று பரிமாறியவர் திருப்பிக் கொடுத்தார். சண்டை களைகட்டிய நேரம் பார்த்து ஹில்ட்ருட் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"நான் கோபுரத்துக்குப் போறேன்," என்றார் என் காதருகே. "அவன் கேட்டா மட்டும் சொல்லுங்க."

எங்கல்பெர்ட் கேட்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. சொன்னேன். மனிதர் வெளுத்துப்போனார். "அவ முட்டி தாங்காதே," என்று எழுந்து ஓடினார். டாக்ஸி பிடித்தோம். சுழல் படிக்கட்டில் ஒவ்வொரு வளைவிலும் அக்கா விழுந்து கிடப்பாரோ என்று எட்டிப் பார்த்தபடி, மூச்சிரைக்க ஏறினார். அக்கா உச்சியில் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு, கன்னம் சிவக்க நின்றிருந்தார்.

உயிரோடு பார்த்ததும் பயம் போயிற்று. பயம் போனதும் நாக்கு வந்துவிட்டது. "தெற்கே அந்தப் புகைபோக்கி தெரியுதா? அதுக்குக் கீழதான் நம்ம பழைய வீடு," என்று கை நீட்டினார்.

பக்கத்தில் பைனாகுலரோடு நின்றவர் தொண்டையைச் செருமினார். அது வடக்கு என்றும், தெற்கே இருக்கிற வீடென்றால் ஐயாவின் முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னார். எந்த ஊர் என்று எங்கல்பெர்ட் முறைத்தார். டூசல்டார்ஃபாம், வருஷா வருஷம் ஏறுவாராம். டூசல்டார்ஃப் எங்கள் அண்டை நகரம். சாப்பிடும்போது அந்தப் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை.

அக்கா தம்பியையே பார்த்தார். "டேய், நீ எத்தனை தடவை மேல வந்திருக்கே?"

தம்பி அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதான் முதல் தடவை."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அப்ப அம்மா ரெண்டு பேரையும்தான் ஏமாத்திட்டா," என்று தம்பியின் முழங்கையைப் பற்றித் தெற்குப் பக்கம் திருப்பினார். காவலாளி வந்து நேரமாயிற்று என்று சொல்லும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். எனக்கும் அது முதல் தடவைதான். நல்லவேளை, என்னை யாரும் கேட்கவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரம் மாடிப்படியில் என்னை மறித்தார். கோபுரத்தில் ஏறுவதானால், நாங்கள் ஏறியதுபோல், திங்கட்கிழமை நாலு மணிக்குத்தான் ஏற வேண்டுமாம். மற்ற நேரமெல்லாம் வெளியூர்க்காரர்களுக்காம்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். உங்கள் ஊரிலும் எல்லாரும் பார்க்க வருகிற இடம் ஒன்று இருக்கும். விருந்தாளி அதன் பெயரைச் சொன்னதும், "அங்க ஒரே கூட்டம், வேற நல்ல இடம் இருக்கு" என்று உங்கள் வாய் தானாகத் திறக்கும். திறக்கட்டும். ஆனால் பைனாகுலரோடு யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.